அப்பத்தாவின் டப்பாவில் தண்ணீர் இல்லை

ஒன்பதாவது நாள் காலையில் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, நீ குடுத்த க்ரீம்ல கருஞ்சீரகம் ஏதும் போட்டிருக்கியா?" நான் கருஞ்சீரகம் போடவில்லை. போட்டோ அனுப்பச் சொன்னேன். மூடியின் உள்பக்கம் கருப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது, க்ரீமின் ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒன்று முளைத்திருந்தது. ஊறுகாய் பூத்துப்போனால் எப்படி இருக்கும், அப்படி. அதைத்தான் அவள் எட்டு நாளாக ராத்திரியில் முகத்தில் தடவிக்கொண்டு தூங்கியிருக்கிறாள், அடுத்த மாதம் கல்யாணம் வேறு.

அவள் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, என் நல்ல நேரம். ஆனால் அந்தப் போட்டோவை நான் இன்னும் அழிக்கவில்லை.

அந்த க்ரீமில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மாடித் தொட்டியில் வளர்ந்த சோற்றுக்கற்றாழை, பன்னீர், செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், மெடிக்கலில் வாங்கிய வைட்டமின் ஈ மாத்திரை இரண்டைக் குத்திப் பிழிந்தது. எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு அடித்தேன், பார்க்கவே ஆசையாக வெள்ளை வெளேரென்று திரண்டு வந்தது. நான் பார்த்த வீடியோவில் ஒரு பெண், வைட்டமின் ஈ சேர்த்திருப்பதால் மூன்று மாதம் கெடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் நம்பினேன். நான் பி.காம். படித்துவிட்டு ஒரு பைப் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள், கெமிஸ்ட்ரியைப் பத்தாம் வகுப்போடு மறந்தவள். வைட்டமின் என்றால் நல்லது, நல்லது என்றால் கெடாது, அவ்வளவுதான் என் அறிவு.

வைட்டமின் ஈ செய்கிற வேலையே வேறு. எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும் இல்லையா, அதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும். கிருமியை அது ஒன்றும் செய்யாது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியது தண்ணீர், கற்றாழைச் சோறு கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான், 98, 99 சதவீதம் வரைக்கும். கூடவே அவை தின்ன கொஞ்சம் சர்க்கரையும் அதில் இருக்கிறது. நான் ஒரு டப்பாவில் தண்ணீரையும் தீனியையும் போட்டு, மூடி, மதுரை வெயிலில் சூடாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். அது முளைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் பூசணம் கடைசியில் வருகிற செய்தி. அதற்கு முன்னாலேயே பாக்டீரியா பெருகியிருக்கும், க்ரீம் பார்க்க நன்றாகவே இருக்கும், வாசனையும் மாறியிருக்காது. சூடோமோனாஸ் என்று ஒரு வகை உண்டு, தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் இருக்கும், கெட்டுப்போன கண் மை வழியாகக் கண்ணுக்குள் போய் கருவிழியைப் புண்ணாக்கும் அளவுக்குப் பொல்லாதது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் அப்பத்தாவின் டப்பா ஞாபகம் வந்தது. உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். பழைய பிஸ்கட் தகர டப்பா ஒன்றில் குளியல் பொடி வைத்திருக்கும் அப்பத்தா. பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ், ஒரு கை கார்போக அரிசி. இவ்வளவையும் பனை ஓலைப் பாயில் மூன்று நாள் சுள்ளென்று காயவைத்து, மில்லில் சீயக்காய் அரைக்கிற நாளாகப் பார்த்துக் கொண்டுபோய் அரைத்து வரும் (மிளகாய் அரைத்த மிஷினில் போட்டுவிட்டால் கதை கந்தல், ஒரு தடவை அப்படி ஆகி வீடே குதித்தது). வந்ததும் பொடியைப் பேப்பரில் பரப்பிச் சூடு ஆறவிடும், ஆறாமல் டப்பாவில் போட்டால் மூடியில் வேர்க்கும் என்று. டப்பாவுக்குள் கொட்டாங்குச்சியில் செய்த சின்னக் கரண்டி ஒன்று கிடக்கும். குளித்துக்கொண்டிருக்கும்போது பொடி பத்தவில்லை என்று நாங்கள் ஈரக்கையை உள்ளே விட்டால் மண்டையில் ஒரு கொட்டு. பொடியைக் கையில் எடுத்து, அதற்கு அப்புறம்தான் தண்ணீரோ தயிரோ விட்டுக் குழைக்க வேண்டும். மிச்சம் இருந்தால் வைக்கக் கூடாது, வாழைமரத்தடியில் கொட்டிவிட வேண்டும்.

அந்தப் பொடி அடுத்த ஆடி வரைக்கும் வந்தது. தலைக்கு வைக்கிற எண்ணெயும் வந்தது. அப்பத்தா வீட்டில் இருந்த எதிலுமே தண்ணீர் இல்லை. பொடி, இல்லையென்றால் எண்ணெய், நடுவில் எதுவும் கிடையாது. நாம்தான் அதே சாமானைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் அடைத்து, "பாட்டி வைத்தியம்" என்று பேர் எழுதி, பாட்டி செய்யாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, எனக்கு க்ரீம்தான் வேண்டும், பொடி வேண்டாம் என்றால் என்ன செய்வது. நான் மூன்று வருஷமாகக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் கரண்டிக் கணக்கை விட்டேன். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதாக, ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டுகிற தராசு ஒன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எல்லாம் எடைதான், தண்ணீர் கூட. ஃபார்முலா என்பது நூறுக்கு எழுதுகிற கணக்கு. தண்ணீர் இத்தனை, எண்ணெய் இத்தனை, மற்றது இத்தனை, கூட்டினால் சரியாக நூறு வர வேண்டும். இதைப் பார்த்ததும்தான் எனக்குத் தைரியம் வந்தது, ஏனென்றால் டேலி ஆகாத கணக்கை நோண்டுவது நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை.

இப்போது நான் செய்கிற சாதாரண க்ரீம் இது: காய்ச்சி வடித்த தண்ணீர் 78, கிளிசரின் 4, சூரியகாந்தி எண்ணெய் 10, எமல்சிஃபையிங் வாக்ஸ் 5, சீட்டைல் ஆல்கஹால் 2, பிரிசர்வேட்டிவ் (க்ரீம் கெடாமல் காக்கிற பொருள்) 1. கூட்டிப் பாருங்கள். சீட்டைல் ஆல்கஹால் என்றதும் ஸ்பிரிட் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், அது மெழுகு மாதிரி வெள்ளைச் செதில், தோலைக் காயவைக்காது, க்ரீமுக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும். எண்ணெய்க்கு முதலில் நல்லெண்ணெய்தான் போட்டேன், நம்ம ஊர் எண்ணெயாச்சே என்று. தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் வீட்டுக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "இன்னைக்குச் சனிக்கிழமையா?" என்றார். அதோடு சமையலுக்கு வாங்குகிற சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறிவிட்டேன். வாசனை இல்லை, லேசாக இருக்கிறது, தோலுக்கு நல்லது என்று சொல்கிற லினோலிக் அமிலமும் அதில் கணிசம்.

இதில் ஆளைத் தேடி வாங்க வேண்டியது எமல்சிஃபையிங் வாக்ஸ் ஒன்றுதான். எண்ணெயும் தண்ணீரும் சேராது, மிக்ஸியில் அடித்தால் கொஞ்ச நேரம் சேர்ந்த மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். எண்ணெய்ப் பாத்திரம் விளக்கும்போது சோப்பு என்ன செய்கிறது, ஒரு கையால் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அதே வேலையைத் தோலை உறுத்தாமல் செய்கிற பொருள் இது. நிறையப் பேர் இதற்குப் பதிலாகத் தேன்மெழுகைப் போடுகிறார்கள். தேன்மெழுகு தனியாக இந்த வேலையைச் செய்யாது, கெட்டியாக்கும், அவ்வளவே. இது இன்று நேற்றுச் சங்கதி இல்லை. 2-ம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கேலன் என்ற கிரேக்க வைத்தியர் தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் அடித்துச் செய்ததைத்தான் கோல்டு க்ரீமுக்கு ஆதி என்கிறார்கள். சரியாகச் சேராத தண்ணீர் தோலில் பட்டதும் பிரிந்து ஆவியாகும், அதனால் சில்லென்று இருக்கும், கோல்டு என்ற பேரே அதனால் வந்ததுதான். பின்னால் அதோடு வெங்காரத்தைச் சேர்த்தார்கள், அது மெழுகில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகி, அப்புறம்தான் க்ரீம் ஒழுங்காக நின்றது.

செய்முறை பெரிய கம்ப சூத்திரம் இல்லை. தண்ணீர், கிளிசரின் ஒரு கிண்ணத்தில். எண்ணெய், மெழுகுகள் ஒரு கிண்ணத்தில். இரண்டையும் ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீருக்குள் வைத்து 70, 75 டிகிரி வரைக்கும் சூடாக்கி, ஒன்றில் ஒன்றை ஊற்றி, மோர் கடைகிற மாதிரி கடைய வேண்டும். சூடு 40-க்கு இறங்குகிற நேரத்தில் திடீரென்று கெட்டியாகும் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் இதைச் செய்கிறேன் என்று கூடச் சொல்லலாம். பால் திரண்டு கோவா ஆகிறபோது கரண்டி கனக்குமே, அந்தக் கனம் கைக்குத் தெரியும். பிரிசர்வேட்டிவை அப்போதுதான் போடுகிறேன். பாத்திரம், கரண்டி, டப்பா எல்லாவற்றையும் முன்னாலேயே 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் அடித்துத் துடைத்துக் காயவைத்துவிடுவேன். தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஏரியா போர் தண்ணீரை நம்பவே முடியாது, சோப்பே நுரைக்காது, குழாயில் வெள்ளையாக உப்புப் படியும். அந்தக் கால்சியம், மெக்னீசியமெல்லாம் க்ரீமுக்குள் போய் என்ன வேலை பார்க்கும் என்று எனக்குக் கவலை, அதனால் வாங்கித்தான் ஊற்றுகிறேன்.

பிரிசர்வேட்டிவ் என்ற சொல்லைச் சொன்னாலே சொந்தக்காரர்கள் முகம் மாறும். "கெமிக்கல் போடாம செஞ்சு குடும்மா" என்று என் அத்தையே கேட்டார். நான் அந்தப் பூசணம் பிடித்த போட்டோவைக் காட்டினேன். "இது கெமிக்கல் இல்லாதது அத்தை, வேணுமா?" அவர் பதில் சொல்லவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் பாராபென் என்ற பிரிசர்வேட்டிவ் வகையின் கதை. 2004-ல் இங்கிலாந்தில் 20 மார்பகக் கட்டி மாதிரிகளில் பாராபென் இருப்பதாக ஒரு ஆய்வு வந்தது. நல்ல திசுவில் அது எவ்வளவு இருக்கிறது என்று அதில் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, பாராபென்னால் கட்டி வந்தது என்றும் அது நிரூபிக்கவில்லை. ஆனால் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது. ஐரோப்பாவில் மெத்தில் பாராபென்னை இன்றைக்கும் 0.4 சதவீதம் வரை அனுமதிக்கிறார்கள், அங்கே எதற்கும் எவ்வளவு கெடுபிடி என்று தெரியும்தானே. நான் பயன்படுத்துவது பினாக்ஸிஎத்தனாலும் எத்தில்ஹெக்சைல்கிளிசரினும் கலந்து வருகிற ஒன்று, விற்கிறவர்கள் சொல்லும் அளவு தாண்டாமல். இதிலும் அளவுதான் பேச்சு. ஒரு சதவீதம் என்றால் நூறு கிராமுக்கு ஒரு கிராம், கண்ணளவில் ஊற்றினால் அது இரண்டாகும், தோல் எரியும். பயந்து கால் கிராம் போட்டால் பூசணம் சிரிக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்த சட்னி எத்தனை நாள் வருகிறது? அதே பதில்தான் இதற்கும்.

பினாக்ஸிஎத்தனால் தெரிந்த பிறகு கடைப் பொருள்களின் அட்டையைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. நம் நாட்டு விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பதையெல்லாம் எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில் எழுத வேண்டும், ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பதை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். பினாக்ஸிஎத்தனால் ஐரோப்பிய விதியில் அதிகபட்சம் ஒரு சதவீதம். ஆகவே பட்டியலில் அந்தப் பேர் எங்கே வருகிறதோ அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் அநேகமாகச் சொட்டுக் கணக்கு. சென்ற மாதம் ஒரு புட்டி பார்த்தேன். முன்னால் சந்தனக் கட்டையும் குங்குமப்பூவும் தட்டு நிறைய. பின்னால் பொடி எழுத்தில் முதலில் தண்ணீர், அப்புறம் கிளிசரின், அப்புறம் நாலைந்து மெழுகு, அப்புறம் பினாக்ஸிஎத்தனால், அதற்கும் பிறகு வாசனை, அதற்கும் பிறகு சந்தனம். முப்பது கிராம் புட்டியில் ஒரு சதவீதம் என்றாலே 0.3 கிராம், கல்யாண வீட்டு வாசலில் வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்கிற சந்தனம் அதைவிடக் கூட இருக்கும். கோட்டுக்குக் கீழே இருந்தால் எல்லாமே ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, சுருக்கத்துக்குப் போடுகிற ரெட்டினால் மாதிரிச் சில பொருள்கள் அரை சதவீதத்துக்குள்ளேயே வேலை செய்யும். நியாசினமைடு (வைட்டமின் பி வகை ஒன்று) என்றால் அப்படி இல்லை, இரண்டிலிருந்து ஐந்து சதவீதம் வேண்டும், அது கோட்டுக்குக் கீழே கிடந்தால் சும்மா பேருக்குத்தான்.

பேர்களும் ஒரு கூத்து. செசாமம் இண்டிகம் சீட் ஆயில் என்று எழுதியிருப்பது நம் நல்லெண்ணெய். கோகோஸ் நியூசிஃபெரா தேங்காய் எண்ணெய். டோகோஃபெரால் அந்த வைட்டமின் ஈ. அக்வா என்றால் தண்ணீர், அதற்கு லத்தீன்.

இப்படி ஒரு அட்டையில்தான் பாகுச்சியோல் என்ற பேரைப் பார்த்தேன். சுருக்கத்துக்கு ரெட்டினாலுக்குப் பதில் இது, உறுத்தாது என்று ஏகப்பட்ட விளம்பரம், விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். தேடிப் பார்த்தால் அது 1966-ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் பாகுச்சி விதையிலிருந்து பிரித்தெடுத்தது. பாகுச்சி என்றால்? நம்ம கார்போக அரிசி! அப்பத்தா டப்பாவில் கை நிறைய அள்ளிப் போட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாளே கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நூறு கிராம் கேட்டேன்.

கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "யாருக்குத் தங்கச்சி, வீட்ல யாருக்கும் வெண்புள்ளியா?" என்றார்.

"இல்லண்ணே, முகத்துக்கு."

ஒரு மாதிரி பார்த்தார். "பாத்துப் போடுத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது, நான்தான் காதில் வாங்கவில்லை.

விதையை இடித்து, தேங்காய் எண்ணெயில் போட்டு, மாடி வெயிலில் ஒரு வாரம் ஊறவைத்தேன். வடிகட்டினால் கருஞ்சிவப்பாக, கமறுகிற வாசனையோடு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவள் என்பதால் யாருக்கும் கொடுக்கவில்லை, இடது முன்கையில் ராத்திரி தடவினேன், காலையிலும் கொஞ்சம் தடவினேன். அன்றைக்குப் பார்த்து பில் வசூலுக்குத் திருமங்கலம் போக வேண்டியிருந்தது. சித்திரை மாதம், பதினோரு மணி, ஸ்கூட்டி. கை உறை போட்டால் வேர்க்கிறது என்று போடவில்லை. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் சிவந்தது. அதற்கு மறுநாள் ராத்திரி எரிச்சலில் தூக்கம் போய் லைட்டைப் போட்டுப் பார்த்தால், எண்ணெய் வழிந்த தடத்திலேயே கோடு போட்ட மாதிரி கொப்புளம். விரலால் இழுத்துத் தடவிய இடம், துளி சொட்டிய இடம் எல்லாம் அப்படியே வரைபடம் மாதிரி தெரிந்தது.

தோல் டாக்டர் பார்த்ததும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "கார்போக அரிசியா? தடவிட்டு வெயில்ல போனீங்களா? நாங்க வெண்புள்ளிக்கு இதே குடும்பத்து மருந்தைத்தான் குடுப்போம். ஆனா மருந்தையும் அளப்போம், அப்புறம் காட்டுற வெளிச்சத்தையும் அளப்போம். நீங்க ரெண்டையும் அளக்கல."

அந்த விதையில் பாகுச்சியோல் மட்டும் இல்லை, சொராலென் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோலைச் சுட்டுவிடும், சுட்ட இடம் கருக்கும். வெண்புள்ளியில் நிறம் வரவைக்க அதைத்தான் கணக்காகப் பயன்படுத்துகிறார்கள். விலை கூடிய சீரத்துக்குப் போகிற பாகுச்சியோல், சொராலெனை நீக்கிச் சுத்தம் செய்தது, அதுவும் அரை சதவீதம், ஒரு சதவீதம் என்ற அளவில். 44 பேரிடம் 12 வாரம் ரெட்டினாலோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்விலும் 0.5 சதவீதம்தான் போட்டார்கள். நான் போட்டது எத்தனை சதவீதம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். கையில் கருப்புத் தடம் மறைய நாலு மாதம் ஆனது.

அப்படியென்றால் அப்பத்தா பொடியில் எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? மூன்று படிப் பொடிக்கு ஒரு கை விதை, தடவி இரண்டு நிமிஷத்தில் கழுவிவிடுவோம். கழுவிவிடுகிற பொருளுக்கும் தோலிலேயே தங்கிவிடுகிற பொருளுக்கும் கணக்கு வேறு, இதை நான் கொப்புளம் வந்துதான் படித்தேன். ஆனாலும் இப்போது பொடி அரைக்கும்போது கார்போக அரிசியை விட்டுவிடுகிறேன். அப்பத்தா இருந்தால் சண்டைக்கு வரும்.

எலுமிச்சைக்கும் கிட்டத்தட்ட இதே புகார் உண்டு, சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கருத்துப்போகும். அது போக எலுமிச்சைச் சாற்றின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) இரண்டு சொச்சம், நம் தோல் சுமார் ஐந்து. ஆப்பச் சோடா எட்டைத் தாண்டும், சோப்புக் கட்டி ஒன்பது பத்து. இந்தக் கணக்கில் ஒரு எண் மாறினாலே பத்து மடங்கு வித்தியாசம், அதனால் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு. முகத்தில் எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு "சுர்ருனு இழுக்குது, வேலை செய்யுது" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. நீங்கள் க்ரீம் செய்தால் பி.எச். பேப்பர் ஒரு கட்டு வாங்கிவையுங்கள், ஐந்து ஐந்தரைக்குள் நிறுத்தினால் போதும், கூடினால் சிட்ரிக் அமிலக் கரைசல் இரண்டு சொட்டு.

மல்லி வாசனை ஏன் போடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள், மதுரைக்காரி மல்லி இல்லாமல் என்ன க்ரீம் என்று. புவிசார் குறியீடு 2013-ல் வந்த பூ, ஆசைதான். மாட்டுத்தாவணிச் சந்தையில் ஆடி மாத விலைக்கு ஒரு கிலோ வாங்கி, ரோஜாவுக்குச் செய்கிற மாதிரி ஆவியில் வடித்துப் பார்த்தேன். கீரை வேகவைத்த வாசனை வந்தது. மல்லி சூட்டைத் தாங்காது, அதனால்தான் தொழிற்சாலைகளில் ஹெக்சேன் மாதிரிக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள், முதலில் மெழுகாக வருவதற்குக் கான்கிரீட் என்று பேர் (கேட்டதும் என் கடை ஞாபகம்தான் வந்தது), அதை மறுபடி ஆல்கஹாலில் பிரித்தால் அப்சல்யூட். அந்த அப்சல்யூட் தங்க விலை. கடையில் சின்னக் குப்பியில் கிடைக்கும் மல்லி எசன்ஸ் பென்சைல் அசிடேட் சேர்த்துச் செய்வது, மணக்கும், ஆனால் முகத்தில் ராத்திரி முழுக்க எதற்கு. பூவைத் தலையில் வைத்துக்கொள்கிறேன்.

விற்கலாமே என்கிறவர்களுக்கு: முடியாது. 2020 காஸ்மெடிக்ஸ் விதிகளின்படி அழகுசாதனம் தயாரித்து விற்க மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை லைசென்ஸ் வேண்டும், அதற்குத் தனி இடம், தகுதியான ஆள் எல்லாம் கேட்பார்கள், சமையல் மேடையில் சாம்பார் இறக்கிவிட்டுச் செய்கிற எனக்குக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் விற்கிறவர்களின் சரக்கு எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஒரு பெண் இருக்கிறாள். பேர் எழுதாத வெள்ளை டப்பா, "ஹெர்பல்" என்று சொல்லி ஒரு பார்லரில் கொடுத்தது, ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் சிவந்து, பருவாகி, வெயிலே ஆகாமல் போனது. மறுபடி தடவினால் சரியாகிறது, நிறுத்தினால் வருகிறது. ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார், முகம் பழையபடி ஆக ஒரு வருஷம் பிடித்தது. 2018-ல் பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள், டப்பாவில் பேரே இல்லாதபோது சீட்டை யார் கேட்பது.

கல்யாணம் முடிந்து இப்போது சித்தி மகள் ஒத்தக்கடையில் இருக்கிறாள். "அக்கா, இப்பவாச்சும் ஒழுங்கா செஞ்சு ஒரு டப்பா குடு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டப்பா தர மாட்டேன், அழுத்தினால் வருகிற பம்ப் புட்டிதான், விரல் உள்ளே போகாது. அதையும் சும்மா தரப்போவதில்லை. இந்த அக்னி நட்சத்திரத்தில் ஒரே க்ரீமை மூன்று புட்டியில் ஊற்றி, தேதி எழுதி, ஒன்றை மாடி ஓட்டுக்கடியில், ஒன்றை ஃப்ரிட்ஜில், ஒன்றை குளியலறை அலமாரியில் வைத்தேன். மாடியில் வைத்தது பதினோராம் நாள் மேலே எண்ணெய் கக்கிவிட்டது, மெழுகை ஐந்திலிருந்து ஆறாக்க வேண்டும் போலிருக்கிறது, தண்ணீரை 77 ஆக்கினால் கணக்கு டேலி. ஃப்ரிட்ஜில் வைத்ததை மகன் தயிர் என்று நினைத்துத் திறந்துவிட்டான், அது கணக்கில் இல்லை. குளியலறையில் இருப்பதுதான் முக்கியம், ஈரம், வெக்கை, ஆள் மாற்றி ஆள் அழுத்துவது எல்லாம் அதற்கு நடக்கிறது. இன்றைக்கு நாற்பத்தேழாவது நாள். காலையில் கூட வெள்ளைத் தாளில் பிதுக்கிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை, வாசனை மாறவில்லை, பி.எச். ஐந்தே கால்.